'சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது': முறையாகச் சந்தேகப்படுவது எப்படி?

நான் சாப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமை வாங்கி, அது எங்கே சறுக்கும் என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். பிறந்த தேதி கேட்கும் கட்டத்தில் பிப்ரவரி 30 என்று போடுவேன். வயது கேட்டால் மைனஸ் ஐந்து. பெயர் கேட்டால் ஒற்றை எழுத்து. 'பணம் செலுத்து' பட்டனை ஒரே மூச்சில் நாலு தடவை அமுக்குவேன். எழுதிய பையன் "யாருண்ணே இப்படியெல்லாம் பண்ணுவாங்க?" என்று அலுத்துக்கொள்வான். பண்ணுவார்கள். நெட் இழுக்கும்போது, கையில் குழந்தை இருக்கும்போது, கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடும்போது எல்லாரும் இதைத்தான் பண்ணுகிறார்கள்.

பல வருஷமாக இதே பிழைப்பு என்பதால் ஆபீஸை விட்டு வெளியே வந்தாலும் புத்தி மாறுவதில்லை. வீட்டில் எனக்கு 'எதையும் நம்பாத மனுஷன்' என்று பெயர். அபாண்டம். நான் நிறையவே நம்புகிறேன். லிஃப்டில் ஏறுகிறேன், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை விழுங்குகிறேன். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பதில் முதல் இரண்டும் எல்லாருக்கும் பிடிக்கும், சவடாலாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். மூன்றாவதற்கு உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். அந்த வேலையை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

எதில் தப்பு என்று முதலில் பிரியுங்கள்

கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "சிஸ்டம்ல அப்படித்தான் சார் காட்டுது" என்றதும் பாதிப் பேர் அடங்கிப்போகிறோம், மீதிப் பேர் கத்துகிறோம். இரண்டாலும் காரியம் நடக்காது. அந்த ஒரு வரிக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். யாரோ தப்பாக டைப் செய்திருக்கலாம். டைப் செய்தது சரியாக இருந்து, கணக்குப் போடும் விதி தப்பாக இருக்கலாம். விதியும் சரியாக இருந்து, புரோகிராமே கெட்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் போய்த் தட்ட வேண்டிய கதவு வேறு.

முதல் வகைதான் அதிகம், சரிசெய்வதும் சுலபம். "என்ன பிரச்சினை?" என்று கேட்காதீர்கள். "திரையில எந்தக் கட்டத்துல என்ன இருக்குன்னு அப்படியே படிச்சுச் சொல்றீங்களா?" என்று கேளுங்கள். என் அம்மாவின் விண்ணப்பம் ஒன்று ஓர் அலுவலகத்தில் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டது. 'வயதுத் தகுதி இல்லை' என்ற ஒரே பதில். போய் உட்கார்ந்து, பிறந்த தேதியை வாசிக்கச் சொன்னேன். அந்தப் பெண் "நாலு, ஆறு, 1995" என்று வாசித்தார். 1955 என்பதில் ஒரு ஐந்து ஒன்பதாகியிருந்தது. என்னைவிட என் அம்மா சின்னவர் என்று அந்த அலுவலகம் அதுவரைக்கும் நம்பிக்கொண்டிருந்தது. வாசித்த பெண்ணே எதிரில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அதற்கு முன்பு அந்தப் பதிவைத் திறந்த யாரும் கட்டத்தைப் பார்க்கவே இல்லை, கீழே சிவப்பில் வந்த முடிவை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாம் வகை கொடியது, ஏனென்றால் திரையில் இருப்பது எல்லாம் சரியாகவே இருக்கும். ஆஸ்திரேலியாவில் 'ரோபோடெட்' என்று பெயர் வாங்கிய திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு உதவித்தொகை வாங்கியவர்கள் கூடுதலாக வாங்கிவிட்டார்களா என்று கண்டுபிடிக்க ஒரு தானியங்கி முறை. ஒருவரின் வருடாந்தர வருமானத்தை வரித்துறையிடம் வாங்கி, அதை 26 இரு வாரப் பகுதிகளாகச் சமமாகப் பிரித்துவிடும். வருஷத்தில் ஆறு மாதம் வேலை பார்த்து, மீதி ஆறு மாதம் வேலையில்லாமல் உதவித்தொகை வாங்கியவரை நினைத்துப் பாருங்கள். நேர்மையாகத்தான் வாங்கினார். ஆனால் சராசரி போட்டதும், வேலையில்லாத மாதங்களிலும் அவர் சம்பாதித்ததாகக் கணக்கு காட்டும். "நீ எங்களுக்குக் கடன்பட்டிருக்கிறாய், இல்லையென்றால் பழைய சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவந்து நிரூபி" என்று கடிதம் போகும். இப்படிச் சுமத்திய சுமார் 4,70,000 கடன்களுக்கு வசூலித்த பணத்தைத் திருப்பித் தருவதாக 2020இல் அந்த அரசே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் ஒரு பிழையும் செய்யவில்லை. சொன்ன கணக்கை அச்சுப் பிசகாமல் போட்டது. கணக்கைச் சொன்னவர்கள் மனிதர்கள்.

இந்த வகையில் மாட்டினால் கேட்க வேண்டியது: "இந்தத் தொகை எப்படி வந்தது? ஒவ்வொரு படியையும் காட்டுங்கள்." விடையை அல்ல, வழியைக் கேளுங்கள். வழியைக் காட்ட ஆள் இல்லை என்றால், "அப்படியானால் இதைச் சரிபார்த்தது யார்?" என்பது அடுத்த கேள்வி. நிறைய நேரம் அதற்குப் பதில் மௌனம்தான். அந்த மௌனத்தையும் தேதியோடு குறித்து வையுங்கள்.

மூன்றாம் வகை, புரோகிராமே கெட்டுப்போவது. எங்கள் தொழிலில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு 'தெராக்-25' கதையைச் சொல்வார்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்குத் தாங்கவே முடியாத அளவு கதிர்வீச்சைப் பாய்ச்சியது. குறைந்தது மூன்று பேர் இறந்தார்கள். முந்தைய மாடல்களில் தவறு நடந்தால் தடுக்க வன்பொருள் பூட்டுகள் இருந்தன. சாப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று இதில் அவற்றை எடுத்துவிட்டார்கள். கோளாறு எப்போது வெளிப்பட்டது தெரியுமா? இயக்குபவர் கை பழகி, தப்பாக அடித்ததை எட்டு நொடிக்குள் மளமளவென்று திருத்தி முடித்தபோது. மெதுவாக டைப் செய்தால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று மட்டும் வரும், கையேட்டில் அதற்கு உருப்படியான விளக்கம் இல்லை. இந்த இயந்திரத்தால் அளவுக்கு மீறிக் கொடுக்கவே முடியாது என்று தயாரித்தவர்கள் சாதித்தார்கள். படுக்கையில் கிடந்த நோயாளி, உடம்பு நெருப்பாக எரிகிறது என்று சொன்னபோதும் இயந்திரத்தின் பேச்சுதான் எடுபட்டது.

அதனால் ஒரு கோளாறு உங்களுக்கு நடந்து, அங்கே போய் அவர்கள் செய்து பார்க்கும்போது நடக்கவில்லை என்றால் உடனே பின்வாங்காதீர்கள். நீங்கள் செய்த அதே வரிசை, அதே வேகம், அதே போன், அதே நேரம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். 'எங்களுக்குச் சரியா வருதே' என்பதை நான் வாரத்தில் பல தடவை கேட்கிறேன். அவர்கள் செய்த விதத்தில் சரியாக வருகிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது.

"நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க"

இந்த வாக்கியத்தைக் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் 1999இலிருந்து அஞ்சல் கிளைகளில் 'ஹொரைசன்' என்ற கணக்கு சாப்ட்வேர் வந்தது, புஜிட்சு நிறுவனத்தினுடையது. கிளையை நடத்துபவர் மாலையில் கணக்கு முடிப்பார், கல்லாவில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று திரை சொல்லும். உதவி எண்ணுக்குப் போன் போட்டால், வேறு யாருக்கும் இப்படி வரவில்லையே என்று பதில். ஆயிரக்கணக்கான கிளைகளில் தனித்தனியாக உட்கார்ந்து, தங்களுக்கு மட்டும்தான் இது நடக்கிறது என்று அவர்கள் நம்பினார்கள். சேமிப்பை உருவிப் பள்ளத்தை அடைத்தவர்கள் உண்டு. 2015 வரைக்கும் 900 பேருக்கு மேல் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்திருக்கும், இல்லை என்பவர்தான் காரணம் காட்ட வேண்டும் என்பதாக அந்த நாட்டுச் சட்ட நடைமுறையும் இருந்தது. சாப்ட்வேரில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2019 டிசம்பர் ஆனது. 2024இல் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தார்கள்.

அந்த வழக்கை ஜெயிக்க வைத்தது கம்ப்யூட்டர் அறிவு என்பதைவிட, பாதிக்கப்பட்டவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்ததுதான். 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். ஆகவே செய்ய வேண்டியது: உங்களுக்கு வந்த பிழைச் செய்தியை எழுத்துப் பிசகாமல் அப்படியே தேடுபொறியில் போடுங்கள். வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவரிடம் கேளுங்கள். "என்ன விஷயமா வந்தீங்க?" என்று பொதுவாக ஆரம்பித்தாலே போதும். சில இடங்களில் வரிசை முழுக்க ஒரே பிரச்சினைக்குத்தான் நின்றுகொண்டிருக்கும், ஒவ்வொருவரும் தன்மீதுதான் தப்பு என்று குறுகிப்போய்.

எண்ணைக் கண்டால் பிறந்த வீட்டை விசாரியுங்கள்

கையில் கட்டியிருக்கும் வாட்ச் ராத்திரி ஒன்பது மணிக்கு 'இன்னும் 1,800 அடிகள்தான்' என்று ஊக்கப்படுத்துகிறது. நான் உட்கார்ந்த இடத்தில் பல் தேய்ப்பதையும் அது நடை என்று எண்ணிக்கொள்கிறது, அதை விடுங்கள். ஒரு நாளைக்கு 10,000 அடி என்ற இலக்கு எங்கிருந்து வந்தது? மருத்துவ ஆராய்ச்சியிலிருந்து என்றுதான் நினைப்போம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு, 1965இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டபோது பரவிய எண் அது. வாயில் ஒட்டிக்கொள்ளும் முழு எண். பிற்பாடு 2019இல் வயதான பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், நாளுக்கு 4,400 அடியிலேயே பலன் தெரிந்தது, 7,500 வாக்கில் அதற்கு மேல் கூடவில்லை. நடப்பது நல்லதுதான், நடங்கள். அந்த ஐந்து இலக்க எண்ணுக்காக ராத்திரி ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக அலைய வேண்டியதில்லை.

'99 சதவீதம் துல்லியம்' என்று எதையாவது விற்றால், "எத்தனை பேரில், எத்தனை பேரைத் தேடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். பேப்பர் எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். 10,000 பேர் கடந்துபோகும் வாசலில் ஒரு முகம் அறியும் கேமரா. அவர்களில் உண்மையாகத் தேடப்படுகிறவர்கள் 10 பேர். கேமரா நூற்றுக்கு 99 தடவை சரி. அந்தப் பத்துப் பேரையும் பிடித்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். மீதி 9,990 அப்பாவிகளில் நூற்றுக்கு ஒருவர் என்று ஏறக்குறைய 100 பேரையும் பிடிக்கும். மாட்டிய 110 பேரில் 10 பேர்தான் நிஜம். விளம்பரத்தில் 99, நடைமுறையில் பதினொன்றில் ஒன்று. பொய் எதுவும் சொல்லவில்லை பாருங்கள், அதுதான் இதில் அழகு.

(பட்டன்களும் அப்படித்தான். நியூயார்க்கில் சாலையைக் கடக்க அமுக்கும் 3,250 பட்டன்களில் 2,500க்கும் மேற்பட்டவை வேலையே செய்வதில்லை, சிக்னலைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது என்று 2004இல் செய்தி வந்தது. கழற்றச் செலவாகும் என்று விட்டுவைத்தார்கள். நான் இன்னமும் எந்த ஊருக்குப் போனாலும் பட்டனை அமுக்குகிறேன். தெரிவது வேறு, கை போவது வேறு.)

அதிகாரக் குரலைக் கையாளுவது

யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் ஸ்டான்லி மில்கிராம் ஆரம்பித்த சோதனையைப் பற்றிப் பலருக்கும் தெரிந்திருக்கும். பக்கத்து அறையில் இருப்பவர் தப்பான பதில் சொல்லும்போதெல்லாம் மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் கூடுதலாக. அதிர்ச்சி பொய், பக்கத்து அறையில் இருந்தவரும் நடித்தார். சுவிட்சைப் போட்டவருக்கு அது சொல்லப்படவில்லை. கோட்டுப் போட்ட ஒருவர் பின்னால் நின்று 'தொடருங்கள்' என்றதும் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்று எழுதியிருந்த கடைசி சுவிட்ச் வரைக்கும் போனார்கள். அதிர்ச்சி நிஜமில்லை என்று சிலர் சந்தேகப்பட்டிருக்கலாம் என்று பிற்பாடு விமரிசனங்கள் வந்தன, நியாயமானவைதான். எல்லாரும் அந்த 26ஐச் சொல்லிவிட்டு, 'மனிதனே இப்படித்தான்' என்று பெருமூச்சு விட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

எனக்கு உபயோகமானது அதே சோதனையின் மற்ற வடிவங்கள். உத்தரவு போடுகிறவர் அறையில் இல்லாமல் தொலைபேசியில் சொன்னபோது கடைசி வரை போனவர்கள் ஐந்தில் ஒருவர் என்று விழுந்துவிட்டது. கூட உட்கார்ந்த இரண்டு பேர் "நாங்க செய்ய மாட்டோம்" என்று எழுந்துவிட்டபோது 40 பேரில் 4 பேர்தான் போனார்கள். கீழ்ப்படிதல் நம் ரத்தத்தில் இருக்கிறதோ இல்லையோ, அறையில் யார் இருக்கிறார்கள் என்பதில் நிறையவே இருக்கிறது. ஆகவே அறையை மாற்றுங்கள். முக்கியமான கையெழுத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், சும்மா பக்கத்தில் உட்காரவாவது ஓர் ஆளைக் கூட்டிப்போங்கள். "இப்பவே முடிவு சொல்லணும்" என்றால், "வெளியில போய் ஒரு போன் பேசிட்டு வர்றேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். வாசலைத் தாண்டியதும் அந்த மிடுக்குக் குரலின் எடை குறைந்துவிடும்.

போனில் வரும் போலி போலீஸ், போலி வங்கி எல்லாம் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள். லைனை வெட்டாதே, யாரிடமும் சொல்லாதே, கதவைச் சாத்து என்று நம்மைச் சுற்றி ஓர் அறையைக் கட்டுகிறார்கள். அவசரமும் ரகசியமும் ஒரே அழைப்பில் சேர்ந்து வந்தால், மறுமுனையில் இருப்பவர் எவ்வளவு பெரிய பதவி சொன்னாலும் வெட்டிவிடுங்கள். பிறகு நீங்களாகத் தேடி எடுத்த எண்ணுக்கு, அவர் கொடுத்த எண்ணுக்கு அல்ல, போட்டுக் கேளுங்கள். உண்மையான அதிகாரி என்றால் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால்தான் என்ன?

ஏஐ சாட்பாட்டிடம் அதன் வாயையே சாட்சி கேட்காதீர்கள்

2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்களும் அவர்களுடைய நிறுவனமும் 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். நீதிமன்றத்தில் அவர்கள் மேற்கோள் காட்டிய ஆறு முன் தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லை. சாட்ஜிபிடி இட்டுக்கட்டியவை. எல்லாரும் சிரித்த செய்தி. நான் கவனித்தது வேறு. ஒருவர் சந்தேகப்படத்தான் செய்தார். 'இந்தத் தீர்ப்பு உண்மையா?' என்று கேட்டிருக்கிறார், அதே சாட்பாட்டிடம். உண்மைதான் என்று அதுவும் சொல்லியிருக்கிறது. சந்தேகம் வந்தது, போன இடம்தான் தப்பு.

என் வழக்கம் இது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு துறையில், சுற்றி வளைத்து ஏழெட்டுக் கேள்வி கேளுங்கள். உங்கள் தொழில், நீங்கள் படித்த பாடம், எதுவானாலும். எத்தனை இடத்தில் சறுக்குகிறது, சறுக்கும்போது குரல் மாறுகிறதா என்று பாருங்கள். மாறாது. தெரியாத துறையிலும் அதே குரலில்தான் பேசுகிறது என்பதை மனதில் ஏற்றிக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அடுத்தது, ஒரு புது ஜன்னலில் 'இது ஏன் நல்ல யோசனை?' என்றும், இன்னொரு புது ஜன்னலில் 'இது ஏன் மோசமான யோசனை?' என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே தெம்போடு பதில் வந்தால் முடிவு இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது என்று அர்த்தம். கடிதம் எழுத, நீளமானதைச் சுருக்க, சொல் தேட நான் தினமும் அதைப் பயன்படுத்துகிறேன். தேதி, எண், சட்டப் பிரிவு, மருந்தளவு என்று வந்தால் மட்டும் மூலத்தைத் திறந்து கண்ணால் பார்க்காமல் நகர்வதில்லை.

சந்தேகத்தை விற்கிறவர்களையும் சந்தேகியுங்கள்

என் மச்சானுக்கும் எனக்கும் நடந்த உரையாடல்:

"மாமா, இதெல்லாம் அவங்க மறைக்கிறாங்க."

"யாருப்பா அவங்க?"

"அதான்… மேல இருக்கிறவங்க."

"சரி. என்ன காட்டினா நீ மனசு மாத்திக்குவே?"

"நீங்க எதைக் காட்டினாலும் அதுவும் அவங்க செட்டப்தான் மாமா."

எங்கள் வேலையில் எந்த நிலையிலும் தோற்கவே முடியாத டெஸ்டை எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது எதையும் சோதிக்கவில்லை. மச்சானுக்கு இதைச் சொன்னேன், பெரிதாக ஒன்றும் மாறவில்லை. இருந்தாலும் அந்தக் கேள்வியை விடாதீர்கள், முக்கியமாக உங்களையே கேட்டுக்கொள்ளும்போது.

சந்தேகம் கூலிக்கும் கிடைக்கும் சரக்கு. புகைத்தால் புற்றுநோய் வரும் என்பது தெளிவாகிக்கொண்டிருந்த காலத்தில், சந்தேகம்தான் தங்கள் தயாரிப்பு என்றே ஒரு சிகரெட் கம்பெனியின் 1969ஆம் ஆண்டு உள்குறிப்பு சொன்னது. மறுக்க வேண்டாம், 'இன்னும் உறுதியாகத் தெரியவில்லை' என்று இழுத்தாலே விற்பனை ஓடும். 1998இல் 12 குழந்தைகளை மட்டும் வைத்துத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு, தடுப்பூசிக் கம்பெனிகள்மீது வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர்களிடம் பணம் வாங்கியிருந்தார், அதை வெளியே சொல்லவில்லை. 2010இல் அதை வெளியிட்ட 'லான்செட்' மருத்துவ இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அதே வருஷம் டாக்டர் பதிவும் போனது. கம்பெனியைப் பார்த்து 'யார் காசு?' என்று கேட்கிற அதே வாயால், கம்பெனியை எதிர்க்கிறவரையும் கேட்க வேண்டும்.

இன்னொரு பொறி, 'பயமுறுத்தினாங்களே, ஒண்ணும் நடக்கலையே' என்பது. 2000ஆம் வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பும் என்றார்கள், வருஷத்தை இரண்டு இலக்கத்தில் சேமித்திருந்ததால். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, உடனே 'எல்லாம் பீலா' என்றாகிவிட்டது. அதற்கு முந்தைய வருஷங்களில் உலகம் பூராவும் ஆட்கள் உட்கார்ந்து வரி வரியாகத் தேடித் திருத்தியதை யாரும் பார்க்கவில்லை. ஓசோன் ஓட்டையும் அப்படித்தான். 1985இல் கண்டுபிடித்தார்கள், 1987இல் மான்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள், காரணமான வாயுக்களைக் குறைத்தார்கள். இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதை வைத்து, முதலில் சொன்னதே பொய் என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாக நடந்த வேலைக்குச் சாட்சி இருக்காது, டெஸ்டருக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

எதை விட்டுவிடலாம்

எல்லாவற்றையும் தோண்டிக்கொண்டிருந்தால் பொழுது போதாது. என் அளவுகோல்: தப்பானால் திருத்த முடியுமா? பாட்டுப் பரிந்துரை தப்பா, போகட்டும். படத்துக்கு யாரோ கொடுத்த ஸ்டார் தப்பா, போகட்டும். உடம்பு, வழக்கு, பெரிய தொகை, அடுத்தவர் பெயர், இந்த நாலில் ஒன்று மாட்டினால் மட்டும் நிற்கிறேன். ஆப்களில் ஒரே ஒரு கேள்வி: கேட்கிற அனுமதிக்கும் செய்கிற வேலைக்கும் பொருத்தம் இருக்கிறதா? டார்ச் லைட் ஆப் ஒன்று, லட்சோபலட்சம் பேர் போனில் இருந்தது, அவர்கள் நிற்கும் இடத்தை விளம்பரக்காரர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை 2013இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் பிடித்தது. 'சம்மதம்', 'மறுப்பு' என்று இரண்டு பட்டன் காட்டி, நாம் எதையும் அமுக்குவதற்கு முன்பே தகவலை அனுப்பிவிடும். விளக்கு எரிய நாம் எங்கே நின்றால் என்ன?

புகாரை பக் ரிப்போர்ட்டாக எழுதுங்கள்

புகார்களை வாங்கும் பக்கத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். 'கேவலமான சேவை, உங்களுக்கெல்லாம் வெட்கமாக இல்லையா' என்று வரும் இரண்டு பக்கக் கடிதத்தில் நடந்தது என்ன என்று தேடி எடுக்கவே எங்களுக்குப் பத்து நிமிஷம் ஆகும். பெரும்பாலும் 'வருந்துகிறோம்' என்று ஓர் ஆயத்தப் பதிலை அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். புரோகிராம் பிழையைப் பற்றி நாங்கள் எங்களுக்குள் எழுதிக்கொள்கிற வடிவத்தில், அதாவது பக் ரிப்போர்ட்டாக, வந்தால் தட்டிக்கழிக்க முடியாது:

செய்தது: 3ஆம் தேதி மாலை 6.40க்கு ஆப்பில் சந்தாவை ரத்து செய்தேன். 'ரத்து செய்யப்பட்டது' என்று திரையில் வந்தது. படம் 1.
எதிர்பார்த்தது: அடுத்த மாதம் பணம் பிடிக்கக்கூடாது.
நடந்தது: அடுத்த மாதம் 1ஆம் தேதி பணம் பிடிக்கப்பட்டது. படம் 2.
வேண்டியது: பிடித்த பணம் திரும்ப வர வேண்டும். எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

இவ்வளவுதான். பெயரடை எதுவும் வேண்டாம். கோபம் இருந்தால் தனியாக ஒரு தாளில் எழுதிக் கிழித்துப் போடுங்கள். படம் எடுப்பதை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், 'வெற்றி' என்று பச்சையில் எது வந்தாலும் ஒரு ஸ்கிரீன்ஷாட். ஏர் கனடாவின் சாட்பாட், துக்கத்துக்குப் போகும் பயணிக்கு டிக்கெட் வாங்கிய பிறகும் சலுகை கேட்கலாம் என்று தப்பாகச் சொல்லிவிட்டது. அவர் படம் எடுத்து வைத்திருந்தார். சாட்பாட் சொன்னதற்கு அதுவேதான் பொறுப்பு என்கிற ரீதியில் கம்பெனி வாதாடியதை 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் ஏற்கவில்லை, வித்தியாசத்தைக் கொடுக்கச் சொன்னது.

கவுன்டரில் இருப்பவரிடம் எகிறாதீர்கள். விதியை எழுதியது அவர் இல்லை, மாற்றும் பட்டனும் அவர் திரையில் இல்லை. "இதை மாத்துற அதிகாரம் யாருக்கு இருக்கு, அவங்களுக்கு எப்படிப் போய்ச் சேர்றது?" என்று அவரையே உங்கள் பக்கம் இழுத்துக் கேளுங்கள். பல தடவை எனக்கு அந்த உள் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது அவர்கள்தான்.

'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வரும், பெரும்பாலும் எதுவும் தீராத நிலையில். கெடுவுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்று மூடியிருப்பார்கள், நாங்களும் செய்வோம். புதுப் புகார் போடாதீர்கள், போட்டால் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். அதே எண்ணுக்குப் பதில் போட்டு, 'நடந்தது' என்ற வரியை மட்டும் இன்றைய தேதியோடு திரும்ப எழுதி, மறுபடி திறக்கச் சொல்லுங்கள். மறுபடி திறக்கப்பட்டவை மேலதிகாரியின் பட்டியலில் தனியாக, பெரும்பாலும் சிவப்பில் தெரியும்.